தெருவுக்கே தெரிந்த மாரடைப்பு

“மாரடைப்பு” என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

சும்மா சொல்லவில்லை, நாலையும் யோசித்துத்தான் சொன்னார். முதலில் காய்ச்சலைப் பரிசீலித்தார். ஆனால் முந்தின நாள் சாயங்காலம்கூடத் தம்பி பால் பாக்கெட்டோடு தெருவில் நடந்துவந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். காய்ச்சல் தள்ளுபடி ஆயிற்று. வயிற்றுவலி என்று சொன்னால் பேப்பர் படிக்கிறவர்கள் உடனே வேறு அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்பது குடும்பத்துக்கு அவ்வளவு மரியாதையாக இல்லை. மாரடைப்பு அப்படியல்ல. அது பெரிய மனிதர்களுக்கு வருவது. ‘பாவம், நல்ல மனுஷன்’ என்று எல்லோரையும் சொல்ல வைப்பது.

“நம்ம அப்பாவுக்கும் அதுதானே. குடும்ப வியாதின்னு சொல்லிட்டா யாரும் துருவ மாட்டாங்க. என்னம்மா, சரிதானே?” என்று தன் தாயாரைக் கேட்டார்.

தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்த கிழவி சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு மூத்த மகனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள். ஆமோதித்ததாகப் பெரியப்பா எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் வாரியத்தில் சூப்பிரண்டாக இருக்கிறவர் அவர். எந்தக் குழாய் உடைந்தாலும் குழாயை அடைப்பதற்கு முன் காரணத்தை எழுதி அனுப்பிவிடுகிற இலாகா அது. அந்தப் பழக்கம் வீட்டிலும் வந்துவிட்டது. தம்பியின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரவில்லை; காரணம் தயாராகிவிட்டது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இறந்தவனின் மனைவி, அன்று முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“பாப்பாகிட்ட என்ன மாமா சொல்றது?”

“அவகிட்டயும் இதேதான். ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டிருந்தா மாட்டிக்குவோம்.”

அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். எப்படி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ளத் தெரு முழுவதும் மெனக்கெட்டு, ஆளுக்கொரு விதமாகத் தெரிந்துகொண்டும் விட்டது. போலீஸ் ஜீப் வெகுநேரம் வாசலில் நின்றது. எதிர்வீட்டு மாடியில் இடம் போதாமல் பக்கத்து வீட்டு மாடியிலும் ஏறி நின்று பார்த்தார்கள். ஆனால் மாரடைப்புக்கு ஜீப் எதற்கு என்று ஒருத்தர்கூட வாய்திறந்து கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகமான தெரு அது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரவருக்குத் தெரிந்த இருதய வைத்தியத்தைக் கூடத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். காலையில் நடந்திருக்கலாம். உப்பைக் குறைத்திருக்கலாம். “ஏம்மா, வறுத்ததும் பொரிச்சதுமாவே போட்டியோ?” என்று ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கரிசனமாகக் கேட்டாள். இல்லை என்றால், பின் எப்படிச் செத்தான் என்று ஆகும். இவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அது வெளியாட்களுக்கு. அவர்கள் போய்க் கதவு சாத்தியதும் வீட்டுக்குள் வேறு விசாரணை நடந்தது. “அன்னிக்குக் காலையில அவன்கிட்ட என்ன சொன்ன? ஏதோ சொல்லியிருக்க. இல்லாட்டி என் புள்ள ஏன் இப்படிப் பண்றான்?” என்று மாமியார் தினமும் கேட்டாள். ஆக, தெருவைப் பொறுத்தவரை அவள் புருஷனை எண்ணெயால் கொன்றவள், வீட்டைப் பொறுத்தவரை வாயால் கொன்றவள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள் கிடைத்தது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அன்றைக்குக் காலையில் அவள் சொன்னது, “வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க” என்பது. அதை அவள் ஆயிரம் தடவை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் எரிச்சலாகச் சொன்னோமா? சோப்பைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசியிருக்கலாமோ? இரண்டு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்? மாவு பிசையும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் நிற்கும்போதும், தலை வாரும்போதும் அந்தச் சோப்பு வந்து நின்றது. இப்படி மனிதரைத் தின்கிற கேள்வியை யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், மாரடைப்பில் போனவனின் மனைவிக்கு அந்தக் கேள்வியே இருக்கக்கூடாது.

அவனுக்குத் தூக்கம் போய் வெகுநாளாகியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டிடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்தே சிரிக்கச் சிரிக்கப் பேசி, பயம் தெளியவைத்து, அப்புறம் கதவைத் திறக்கிறவன் என்று பேர் வாங்கினவன். அவனே பேச்சைக் குறைத்துக்கொண்டான். விடியும்போது பார்த்தால் கட்டில் விளிம்பில் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். என்னங்க என்றால், “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்பான். ஒருநாள் மட்டும், “நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதியா இருக்கும்” என்றான். அன்றைக்கே அவள் பயந்துபோய்ப் பெரியாஸ்பத்திரியில் விசாரித்து, மனநலப் பிரிவு எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது, டாக்டர் எப்போது வருவார் எல்லாம் தெரிந்துகொண்டு வந்து பெரியப்பாவிடம் சொன்னாள்.

“மனநல டாக்டரா? நம்ம குடும்பத்துலயா?” பெரியப்பா குரலைத் தாழ்த்தி ஜன்னலைச் சாத்தினார். “யாராவது அங்க பாத்துட்டா பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்க. நாளைக்கு நம்ம பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா?”

பாப்பா அப்போது பால்பல் ஆடுகிறதென்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு வரப்போகும் மாப்பிள்ளையின் மனம் கோணக்கூடாது என்பதற்காக அவளுடைய அப்பா டாக்டரிடம் போகவில்லை. “நாலு நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போய்ட்டு வரச் சொல்லு, எல்லாம் சரியாப் போகும். ஆம்பளைக்கு என்ன மனசு கஷ்டம்” என்று பெரியப்பா முடித்துவிட்டார். மாமியார் அதே அறையில்தான் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெரியப்பாவுக்குத் தன் உடம்பு மேல் இருந்த அக்கறை தனி. தகப்பனார் இளம் வயதில் மாரடைப்பில் போனபோது இவருக்குப் பத்து வயது, தம்பி கைக்குழந்தை. அன்றிலிருந்து இவர் தன் நெஞ்சை ஒரு கண்ணாடிப் பாத்திரமாகத்தான் பாவித்து வந்தார். மாடிப்படியை நிதானமாக, நடுவில் ஒரு தடவை நின்று ஏறுவார். எங்கே போனாலும் பேச்சுக்கு நடுவில் இடதுகை மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொள்வார். அவருடைய மனைவி சமையலில் எண்ணெய்க் கரண்டியைத் தொட்டே வருஷக்கணக்காகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை டாக்டரிடம் போவார். டாக்டர் ஒன்றுமில்லை என்பார். உடனே டாக்டரை மாற்றிவிடுவார்.

சாவு நடந்து சில வாரம் கழித்துத் தம்பியின் மனைவி வேலைக்குத் திரும்பினாள். கடைவீதியில் ஒரு பேக்கரியில் அவளுக்கு வேலை, கேக் மேல் பெயர் எழுதுவது. கூம்புப் பையில் கிரீமை நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்தும் கோணாமல் எழுதுவாள். அவள் எழுதிய பெயரைக் கத்தியால் வெட்ட மனசு வராமல் ஓரத்திலேயே வெட்டித் தின்றதாகச் சில வாடிக்கைக்காரர்கள் வந்து சொல்வதுண்டு. திரும்பிப் போன அன்று முதலாளி அவளைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

“நீ கொஞ்ச நாள் பன்னுப் பக்கம் பாத்துக்கோம்மா.”

“ஏன் சார்?”

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உங்க தெருச் சங்கச் செயலாளர் வீட்டம்மா பேரனுக்குக் கேக் சொல்லியிருக்காங்க. வேற கையால எழுதச் சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும், பழைய வாடிக்கை.”

மாரடைப்பு கிரீம் வழியாகப் பரவும் என்று இதுவரை எந்த டாக்டரும் சொன்னதில்லை. அவள் பன்னு அடுக்கப் போனாள். போகும்போதுதான் அவளுக்கு ஒன்று தெளிவாயிற்று. தெருவுக்கு எல்லாம் தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது வீட்டுக்கும் தெரியும். பிறகு யாருக்காக இந்த நாடகம்? அந்த மாரடைப்பை உண்மையிலேயே நம்புகிறவர்கள் உலகத்தில் யாராவது இருக்கிறார்களா?

ஒரே ஒருத்தி இருந்தாள். அவள் பெற்ற பெண்.

அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பா வைத்த பட்டப்பெயர் பம்பரம். உட்கார் என்றால் உட்கார மாட்டாள். அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் முதுகில் ஏறிவிடுவாள். இப்போது அந்தப் பம்பரம் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தது. அடக்கமாகிவிட்டாள் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். அப்பா போனதும் பொறுப்பு வந்துவிட்டதாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். வகுப்பு டீச்சர், “விளையாட்டு பீரியட்ல இறங்கவே மாட்டேங்கறா. மாடிப்படியில நடுவுல நின்னு நெஞ்சுல கைய வெச்சுப் பாக்கறா. எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, அவங்க அப்பாவுக்கு வேற…” என்று சொல்லிவிட்டு, தான் சொல்ல வந்தது எந்த வியாதி என்று குழம்பி நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மெல்லக் கேட்டதில் விஷயம் வந்தது. அப்பாவுக்கு ஏன் நெஞ்சு நின்றுபோயிற்று என்று பாப்பா பெரியப்பாவைக் கேட்டிருக்கிறாள். “ரொம்ப ஓடியாடினா அப்படித்தான் பாப்பா. நம்ம குடும்பத்து நெஞ்சு கொஞ்சம் வீக்கு” என்று அவர் விளக்கியிருக்கிறார். விடியற்காலையில் மகள் தன் மார்பில் தலைவைத்துப் படுத்துக்கொள்வதை இத்தனை மாதமாக ஆசை என்று அவள் நினைத்திருந்தாள். அது ஆசையில்லை. அம்மாவின் நெஞ்சு ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்பது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் எந்தத் தாய் இதைச் சொல்லப் பழகியிருக்கிறாள்? மாமியாரிடம் கேட்டாள். “இவகிட்ட உள்ளதைச் சொல்லிடலாம் அத்தை. கொழந்தை செத்துப் பிழைக்குது.”

மாமியார் சீறினாள். “சொன்னியோ, இந்த வீட்டுல இருக்காத. கொழந்தைங்க எல்லாம் தானா மறந்துடும். எத்தனை பேரு அப்படி வளரல?”

“யாரு அத்தை அப்படி வளந்தாங்க?”

கிழவி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

வருஷம் திரும்பும் நேரத்தில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. செயலாளர் பாங்கிலிருந்து ஓய்வுபெற்றவர், சும்மா இருக்கத் தெரியாதவர். நம் தெருவின் ஓர் இளைஞர் மாரடைப்புக்குப் பலியான முதலாண்டு நினைவாக இலவச இருதயப் பரிசோதனை முகாம் நடத்துவது என்று தீர்மானம் போட்டார்கள். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அவன் எப்படிச் செத்தான் என்று தெரியும். செயலாளருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஜீப் வந்த அன்று இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி போட்டவரே அவர்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. தானே அலைந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியைப் பேசி, வண்டியும் இயந்திரங்களும் ஆறு டாக்டர்களும் ஏற்பாடு செய்தார். உயிரோடு இருந்தவனை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போக வெட்கப்பட்ட குடும்பம், செத்தவனுக்காக ஆறு டாக்டர்களைத் தெருவுக்கே வரவழைத்தது.

“நீ ரெண்டு வார்த்தை பேசணும்” என்று அவளிடம் சொன்னார். “செயலாளர் ஆசைப்படறார். அறிகுறியெல்லாம் சொல்லு. இடது கை வலி, வேர்வை, மூச்சுத் திணறல். ஜனங்களுக்கு உபயோகமா இருக்கும்.”

“அவருக்கு அதெல்லாம் இல்லையே மாமா.”

“அவனுக்கு இல்லாட்டி என்ன? மாரடைப்புக்கு உண்டு.”

தெருக்கோடி விளையாட்டுத் திடலில் பந்தல் போட்டார்கள். அவள் புருஷனின் போட்டோவை ஆளுயரத்துக்கு அச்சடித்து, பக்கத்தில் ஒரு சிவப்பு இருதயத்தையும் வரைந்து கட்டியிருந்தார்கள். போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தன் பெயரில் நடப்பதைப் பார்த்து அவன் சிரித்திருந்தாலும் நியாயம்தான். ஜனம் நன்றாகவே வந்திருந்தது. இலவசம் என்றால் ஆரோக்கியசாலிகளுக்கும் நெஞ்சில் லேசாக வலி இருக்கத்தான் செய்கிறது. பெரியப்பா வெள்ளைச்சட்டையில் இங்குமங்கும் போய் வரிசையை ஒழுங்குபடுத்தினார், நடுநடுவே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே.

முன்வரிசை நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது ஒரு நர்ஸ் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“இது யாரு பொண்ணு? மறுபடி மறுபடி வரிசையில வந்து நிக்குது. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பினா அடுத்த டாக்டர்கிட்ட போகுது.”

அவள் மகளை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனாள். அங்கே கூட்டம் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகள் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லியாச்சே. அப்புறம் என்னடி?”

“அப்பாவும் நல்லாத்தான இருந்தாரு.” பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னாள். “அன்னிக்கு முந்தின நாள் நான் அப்பா மேல ஏறிக் குதிச்சேன்மா. வேணாம்டா, அப்பாவுக்கு முடியலன்னு சொன்னாரு. நான் கேக்கல. அதுலதான நின்னுபோச்சு?”

இத்தனை பெரிய மனிதர்கள் சேர்ந்து கட்டிக் காப்பாற்றிய மானத்தை ஒரு வருஷமாக இந்தச் சின்னத் தோள்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. தனக்கு ஒரு சோப்பு என்றால் இவளுக்கு ஒரு குதி. ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இருவரும் ஆளுக்கொரு கொலையை ஒளித்துவைத்திருந்தார்கள்.

“இல்லடி கண்ணு. கேளு. அப்பாவோட நெஞ்சு நிக்கல. அது நல்லா இருந்துச்சு. அப்பாவுக்கு மனசுல ஒரு நோய் வந்துச்சு. உடம்புக்கு வர்ற மாதிரி மனசுக்கும் வரும். அதுல ரொம்ப வலிச்சுது. அந்த வலியில, தன்னோட உயிரைத் தானே முடிச்சிக்கிட்டாரு. நீ குதிச்சதால இல்ல.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் ஏதோ சொன்னதாலயும் இல்ல. டாக்டர்கிட்ட போயிருந்தா சரியாகியிருக்கலாம். போகல.”

பாப்பா வெகுநேரம் அழுதாள். அவளும் அழுதாள். அப்பாவுக்கு ரொம்ப வலித்ததா என்று பாப்பா கேட்டாள். ஆமாம் என்றாள். எனக்கும் வருமா என்று கேட்டாள். “வந்தா என்கிட்ட சொல்லு. அன்னிக்கே டாக்டர்கிட்ட போலாம். யாரு பாத்தாலும் பரவால்ல” என்றாள்.

“பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

“பின்ன ஏன் பொய் சொன்னாரு?”

அதற்குள் ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டார்கள். மறைந்த அன்னாரின் துணைவியார் இப்போது மாரடைப்பின் அறிகுறிகள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுவார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் கையைப் பிடித்தபடியே மேடை ஏறினாள். மைக்கை உறுதியாகப் பிடித்தாள். கிரீம் பையைப் பிடித்துப் பழகிய கை அது.

“எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வரல. உங்களுக்கும் அது தெரியும். அவர் தற்கொலை செஞ்சுக்கிட்டாரு. அறிகுறி சொல்லச் சொன்னாங்க, சொல்றேன். தூக்கம் போச்சு. பேச்சு கொறஞ்சுது. விடியற வரைக்கும் உக்காந்தே இருப்பாரு. நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதின்னாரு. கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னாரு. உங்க வீட்டுல யாராவது அப்படி இருந்தா, இங்க வந்திருக்கற ஆறு டாக்டர்ல ஒருத்தர்கூட அதுக்கான டாக்டர் இல்ல. பெரியாஸ்பத்திரியில இருக்காங்க. பின்பக்கக் கட்டிடம், கீழ்த்தளம். நான் விசாரிச்சு வெச்சிருக்கேன். எனக்கு உபயோகப்படல.”

போட்டோக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு படம் எடுத்தார்.

செயலாளர் சுதாரித்துக்கொண்டு மைக்கை வாங்கினார். “அன்புக் கணவரை இழந்தவங்க, துயரத்துல என்ன பேசறோம்னு தெரியாம… இதுவும் இருதய நோயோட ஒரு பக்கவிளைவுதான். வரிசை தொடரலாம்” என்றார். அந்த நேரத்தில் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

முகாமுக்குக் கடைசியில் ஒரு நோயாளி கிடைத்த சந்தோஷத்தில் ஆறு டாக்டர்களும் ஓடிவந்தார்கள். மேடையோரமே படுக்கவைத்துச் சட்டையைத் திறந்து, வயர்களை ஒட்டி, இயந்திரத்தை ஓட்டினார்கள். காகிதம் நீளமாக வெளியே வந்தது. மூத்த டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒண்ணுமே இல்ல சார். முப்பது வயசுக்காரன் இருதயம். படபடப்பு, அவ்வளவுதான்.”

பெரியப்பாவுக்கு உயிர் போயிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. வயர்களோடு எழுந்து உட்கார்ந்தார். “என்ன டாக்டர் படிச்சீங்க? எங்க குடும்பத்துக்கே நெஞ்சு வீக்கு. எங்கப்பா முப்பத்தஞ்சு வயசுல மாரடைப்புல போனாரு. எனக்கு அப்போலேருந்து வலி. மறுபடி எடுங்க.” பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாயாரைப் பார்த்தார். “அம்மா, நீயே சொல்லும்மா இவங்ககிட்ட. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு.”

செயலாளருக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. கெட்டுப்போன நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்த இதைவிடத் தோதான சாட்சி கிடைக்காது. மைக்கைக் கொண்டுபோய்க் கிழவியின் கையிலேயே கொடுத்தார். “சொல்லுங்கம்மா. எல்லாரும் கேக்கட்டும்.”

கிழவி மைக்கை வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். நரைத்த மார்பில் வயர் வயராக ஒட்டிக்கொண்டு, பத்து வயதுப் பையன் முழிக்கிற முழி முழித்துக்கொண்டிருந்தார். பிறகு மேடையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்தியைப் பார்த்தாள்.

“உங்கப்பாவுக்கு நெஞ்சு நல்லாத்தான்டா இருந்துச்சு” என்றாள். ஒலிபெருக்கி அதைத் தெருவின் மறுகோடிவரை கொண்டுபோயிற்று. “அவரும் இப்படித்தான். ராத்திரியெல்லாம் கட்டில் ஓரத்துல உக்காந்திருப்பாரு. உன் தம்பி அப்படி உக்காந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாயைத் தொறந்தா பழசெல்லாம் வெளிய வந்துடுமேன்னு கம்முன்னு இருந்தேன். இவமேல பழியைப் போட்டேன்.”

நாடி பார்க்க மணிக்கட்டுக்குப் போன பெரியப்பாவின் கை பாதியில் நின்றது.

“நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன்மா உன்னை” என்றார். “மாரடைப்புன்னு யாரு சொன்னது? யாரு முடிவு பண்ணினது?”

“வேற யாருடா” என்றாள் கிழவி. “உங்க பெரியப்பாதான்.”